ஜப்பான்ல ஒரு ஓட்டை வலை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீடியோ கால்ல நைனாவுக்கு அருவி காட்டணும். அவ்ளோதான்.

நைனான்னா எங்க அப்பா. பழவேற்காடு ஏரிக்கரையில எங்க குப்பம். ஏரி, கடல் ரெண்டுலயும் நாப்பது வருசமா வலை போடுற மனுசன், இதுவரைக்கும் ஒரு அருவியைக்கூட பார்த்ததில்ல. எங்க பக்கம் உயரமான இடம்னா லைட்ஹவுஸ். அதை விட்டா மணல்மேடு. எங்க ஊர்ல தண்ணி மேலேர்ந்து விழணும்னா மழைதான் பெய்யணும்.

நான் ஜப்பான்ல வெல்டர். காட்டுப்பள்ளியில துறைமுகம் வேணாம்னு நைனா மறியல்ல உக்காந்திருந்த அதே வருசம், நான் மீஞ்சூர்ல வெல்டிங் கத்துக்கிட்டு அந்தத் துறைமுகத்துலயே வேலைக்கு மனு போட்டேன். எங்க குடும்பத்துல கொள்கை அவ்ளோ உறுதி.

ஆனா நைனாவுக்கு என் மேல கோவம் அதுக்கில்ல. எனக்கு வலை வராது. அதான் விஷயம்.

பத்து வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தாரு. நான் தைச்ச வலையில நண்டு உள்ள வரும், சுத்திப் பாக்கும், வந்த வழியிலயே வெளிய போயிடும். "இவன் கையில ஊசி குடுத்தா மீனுக்குத்தான்டா கொண்டாட்டம்"னு கரையில எல்லார் முன்னாடியும் சொல்வாரு. எனக்கு முப்பத்தோரு வயசாச்சு. பிளேன் ஏறி வந்தாச்சு. ஊர்ல மாடி வெச்சு மெத்தை வீடு கட்டியாச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த மனுசன் வாயால 'பரவால்ல'ன்னு ஒரு வார்த்தை வாங்கினதில்ல. சிரிக்காதீங்க. எனக்கு நெஜமாவே உறுத்தும்.

சரி, அருவிக்கு வரேன்.

நான் தங்கியிருக்குற டவுன்லேர்ந்து ரெண்டு மணி நேரம் பஸ். கடலுக்கும் மலைக்கும் நடுவுல நசுங்கின மாதிரி ஒரு கிராமம். பஸ் ஸ்டாப்புல படம் போட்ட போர்டு. முதல்ல கோயில், மேல அருவி, அந்தப் பக்கம் இறங்கினா கடற்கரை. குழந்தைகூட தப்பு பண்ணாது. நான் பண்ணேன்.

கோயில் அடிவாரத்துல சிவப்பு மரத்துல பெரிய வாசல். கோயில்னா நம்ம என்ன பண்ணுவோம்? ஷூவையும் சாக்ஸையும் கழட்டி ஓரமா வெச்சிட்டு ஏற ஆரம்பிச்சேன். எல்லாம் கல்லுப் படி. பாசி, ஈரம். குளிர் உள்ளங்கால்ல ஏறி பல்லுல வந்து நிக்குது. என்னா பக்தின்னு எனக்கே என் மேல மரியாதை வந்துச்சு.

பாதிப் படியில பின்னாடி யாரோ கத்துறாங்க. திரும்பிப் பாத்தா, எழுவது வயசு பெரியவர் ஒருத்தர், பச்சைத் தொப்பி, என் ஷூவை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு மூச்சு வாங்க ஓடி வர்றாரு! நான் எங்கயோ தொலைச்சிட்டேன்னு நெனச்சிருக்காரு. சாக்ஸை அழகா மடிச்சு வேற உள்ள வெச்சிருந்தாரு.

நான் குனிஞ்சேன். அவர் குனிஞ்சாரு. ஷூவை வாங்கிட்டுப் போய் மறுபடி கீழ வெக்கலாம்னு திரும்பினேன். அவர் விடல. போட்டுக்கன்னு சைகை காட்டி, போட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு.

சாமி முன்னாடி ஷூவோட நின்னு கும்பிட்டேன். கண்ணை மூடினா எங்க குப்பத்து அம்மன்தான் தெரிஞ்சா. என் காலையே பாத்துட்டிருந்தா.

அடுத்து அருவி. வீடியோ கால் போட்டேன். அங்க காலையில கரைக்கு வந்து வலை தைக்கிற நேரம். போனை ஐஸ் பெட்டி மேல சாய்ச்சு வெச்சிட்டு நைனா உக்காந்திருந்தாரு. பின்னாடி நாலஞ்சு பேர் தலை.

"நைனா, பாரு! அருவி!"

"எங்கடா?"

"அதோ, வெள்ளையா."

ரொம்ப நேரம் உத்துப் பாத்தாரு.

"இன்னாடா இது, பைப்பு ஒடஞ்சிகிச்சா?"

"அருவி நைனா!"

"மீனு கீதா அதுல?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு அது வுய்ந்துனு கீது?"

நான் அருவியைப் பாத்தேன். அது பாட்டுக்கு விழுந்துட்டே இருந்துச்சு. ரெண்டு மணி நேர பஸ், அத்தனை படி, அருவி பெயில்.

"அத்த வுடு. கடலக் காட்டு"ன்னாரு.

வீடியோ காலைக் கட் பண்ணாம அந்தப் பக்கம் இறங்கினேன். பாதை போய் முடியுற இடத்துல ஒரு பழைய மரக் கொட்டாய். படகு நிறுத்துற இடம் போல. பின்வாசல் திறந்திருந்துச்சு. வாசல்ல சின்னதா ஒரு அட்டை, ஜப்பான் எழுத்துல. ஷூ கழட்டணும்னு போட்டிருக்கும்னு நானா முடிவு பண்ணி, கழட்டி வரிசையா வெச்சிட்டு உள்ள போனேன்.

உள்ள நடுவுல ஒரு பழைய படகு. அதுக்கு மேல, கூரையிலேர்ந்து தரை வரைக்கும் ஒரு பெரிய வலை தொங்குது. அதுல எண்ணி ஒன்பது ஓட்டை. ஒவ்வொண்ணுலயும் ஆள் தலை போகும். பக்கத்துலயே ஒரு மர வலை ஊசி, நூல் சுத்தினபடி.

"நில்லு நில்லு! கிட்ட காட்டு!" நைனா ஐஸ் பெட்டி மேலயே கவுந்துட்டாரு. "அடப்பாவமே! யாரோ வயசானவுருது போல கீது. கை கால் வராம அப்டியே வுட்டுகிறான். ஊசி வேற கீது. நீ இன்னாடா வேடிக்க பாத்துனு நிக்கிறே? குந்து!"

இது உங்களுக்குப் புரியணும்னா எங்க கரைப் பழக்கம் ஒண்ணு சொல்லணும். வலை தைக்கிற இடத்துக்கு யார் வந்தாலும், அது யார் வலையா இருந்தாலும், நாலு கண்ணியாவது போட்டுட்டுத்தான் எழுந்திருக்கணும். கிழிசலைப் பாத்துட்டு சும்மா போறவனை எங்க கரையில மனுசனாவே மதிக்க மாட்டாங்க.

"நைனா, இது வேற நாடு."

"நாடு வேறன்னா ஓட்ட வேறயா? குந்துடா!"

குந்திட்டேன். போனைப் படகு மேல சாய்ச்சு வெச்சேன். ஊசியை எடுத்தேன்.

"அங்க இல்ல, மேல் கண்ணிலேர்ந்து ஆரம்பி. ஆங். இஸ்துப் புடி. டேய், வெல்டிங் இல்லடா அது, மெதுவா!"

முதல் ஓட்டைக்கு இருபது நிமிசம். மூணாவதுல விரல் பழகிடுச்சு. ஆறாவதுல நைனா திட்டுறதை நிறுத்திட்டாரு. அதுவே எனக்கு பயமா இருந்துச்சு. ஒன்பதாவது ஓட்டையில கடைசி முடிச்சை இறுக்கி, பல்லால நூலைக் கடிச்சுட்டு நிமிந்தேன்.

நைனா முகத்தைப் போன்கிட்ட கொண்டாந்து பாத்தாரு.

"பரவால்லயே"ன்னாரு நைனா. பின்னாடி திரும்பி, "பாத்தியா? என் புள்ளைக்கு கை வந்துகீது!"

எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க. ஜப்பான்ல, ஒரு கொட்டாய்க்குள்ள, வெறும் சாக்ஸோட உக்காந்து அழுதுட்டிருக்கேன்.

அப்போ முன்வாசல் கதவு திறந்துச்சு.

ஷூ கொண்டாந்து குடுத்த அதே பெரியவர்! அவர் பின்னாடி கழுத்துல கேமராவோட பத்து பேர், ஆளாளுக்கு கையில டிக்கெட்டோட.

பெரியவர் வலையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. என் கையில இருந்த காலி ஊசியைப் பாத்தாரு. சத்தம் போடல. தன் போன்ல மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து நீட்டினாரு, நான் தமிழைத் தொட்டதும் ஏதோ பேசினாரு. அது நியூஸ் வாசிக்கிற அம்மா குரல்ல தமிழ்ல சொல்லுச்சு:

"ஐயா, எங்கள் துளைகள் எங்கே?"

நான் முழிச்சேன். அவர் மறுபடி பேசினாரு.

"இது ஒரு கலைப்படைப்பு. இதில் ஒன்பது துளைகள் இருந்தன. ஒவ்வொன்றும் இக்கிராமத்தில் ஆளின்றிப் போன ஒரு வீடு. நீங்கள் எல்லா வீடுகளையும் அடைத்துவிட்டீர்கள்."

வாசல்ல இருந்தது ஷூ போர்டு இல்ல. அந்தப் படைப்போட பேரு. டிக்கெட் குடுக்குற மேசை முன்வாசல்ல இருந்திருக்கு, மத்தியானம்தான் திறப்பாங்களாம். நான் திருடன் மாதிரி பின்வாசல்ல வந்து, கண்காட்சியை ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கேன். அந்தப் பத்து பேரும் பொறுமையா என்னைப் போட்டோ எடுத்தாங்க. நானும் படைப்புல சேர்த்தின்னு நெனச்சாங்களோ என்னவோ.

பெரியவர் யாருக்கோ போன் போட்டுப் பேசினாரு. அப்புறம் உள்ள போய் ஒரு கத்தரிக்கோலும், வலையோட பழைய போட்டோவும் கொண்டாந்து, குனிஞ்சு என்கிட்ட நீட்டினாரு. போன் சொல்லுச்சு: "தயவுசெய்து, பழையபடி."

இங்கதான் பிரச்சனை. வீடியோ கால் இன்னும் ஓடுது. இவ்ளோ நேரம் கரையில என்னைப் பத்தி பீத்திட்டிருந்த நைனா, இப்ப படகு மேலேர்ந்து என்னையே பாத்துட்டிருக்காரு. போனைக் கவுத்துப் போட்டுட்டு நெட்வொர்க் போச்சுன்னு சொல்லியிருக்கலாம். முப்பத்தோரு வருசத்துக்கு அப்புறம் கிடைச்ச ஒரு 'பரவால்ல' பத்திரமா இருந்திருக்கும். ஆனா பத்து பேர் முன்னாடி பெரியவர் குனிஞ்ச முதுகோட நிக்கிறாரு. எனக்கு மனசு கேக்கல. முதல் அடைப்பை அறுத்தேன்.

"டேய்! டேய்! இன்னாடா பண்றே? எவன்டா அவன் கத்திரி குடுத்தது?"

"நைனா, ஓட்டை வேணுமாம்."

"இன்னாது?"

"வேணும்னே போட்ட ஓட்டையாம். அந்த ஓட்டையைப் பாக்கத்தான் டவுன்லேர்ந்து டிக்கெட் வாங்கிட்டு வராங்களாம்."

நான் அறுத்துட்டே இருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்கா போட்ட முடிச்சுங்க, ஒவ்வொண்ணா தரையில விழுது. ஒன்பதும் முடிஞ்சு நிமிந்து பாக்குறேன், நைனா முகம் அசையவே இல்ல. வீடியோ உறைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். இல்ல, யோசிச்சிட்டிருந்திருக்காரு.

"ஓட்ட வலைக்கா டிக்கெட்டு?"

"ஆமா நைனா."

"நீ தச்சதெல்லாம் இங்க பரண்ல தாண்டா கீது. அந்த பெர்சுகிட்ட அட்ரஸ் வாங்கு, பார்சல் போட்டு வுடறேன்."