ஜாக்கிரதையின் கணுக்கால்

பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தால் முதல் ஆளாக எங்கள் ஜாக்கிரதை நிற்பார் என்று நினைக்கிறீர்களா? நிற்க மாட்டார். வரிசையில் தள்ளுமுள்ளு வரும், எவனாவது காலை மிதித்துவிடுவான் என்று பயந்து அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். பயப்படுவதை முழுநேர வேலையாகச் செய்த மனிதர் நான் பார்த்ததில் அவர் ஒருவர்தான். லாரிக்கு எடை போடுவதெல்லாம் அவருக்கு உபதொழில்.

மரக்காணம் உப்பளத்தில் ஒரு உப்பு வியாபாரியின் ஆபீஸில் அப்போது எனக்கு வேலை. சுனாமி வந்து போன மறு வருஷம். கிளியனூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். இறங்கியதும் முதலில் காதில் விழுவது அவர் குரல்தான். "தம்பி, பாத்து எறங்கு. படிக்கட்டு ஜாக்கிரதை. அந்த நாய் ஜாக்கிரதை. வெயில் ஜாக்கிரதை." அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது. சம்பளம் கொடுக்கிற முதலாளியே "ஜாக்கிரதையைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார். கழன்று விழுந்தால்? மேசையை மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிவார். டீயைச் சூடாகக் குடித்தால் நாக்கு வெந்துவிடும் என்று ஆற வைப்பார். ஆறிய பிறகு, ஆறின டீ குடித்தால் இருமல் வரும் என்று வைத்துவிடுவார். எடைமேடையில் லாரி ஏறினால் போதும், குடையோடு ஓடுவார்.

"டயருக்கு அடியில கல்லு வெச்சியா?"

"அண்ணே, எடை போட ரெண்டு நிமிஷம்தானே ஆவும்?"

"ரெண்டு நிமிஷம் போதும்பா உருள்றதுக்கு. வெய்யி. ஜாக்கிரதை."

உடம்பு விஷயத்தில் இன்னும் மோசம். தும்மினால் நிமோனியா, கொசு கடித்தால் மலேரியா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் தலை தெரிந்ததும் நர்சுகள் உள்ளே போய்விடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

ஆனால் அந்த வருஷம் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கடல் ஒரு காலையில் எழுந்து வந்து குப்பத்துக்குள் புகுந்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் ஜாக்கிரதைகள்தான். காற்று பலமாக அடித்தால் பேச்சு நின்றுவிடும். தூரத்தில் யாராவது கத்தினால் கை தானாகச் செருப்பைத் தேடும்.

கோடையில் ஒரு மதியம், உப்பு வாரும் நேரம். டிவிஎஸ் ஐம்பதில் ஒருவன் வரப்போரமாக வந்தான். வண்டியை நிறுத்தவில்லை. "தண்ணி ஏறுதாம்! ஓடுங்க! தண்ணி ஏறுதாம்!" என்று கத்திக்கொண்டே போய்விட்டான்.

ஓடினோம். பெண்கள் உப்புக் கூடைகளைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். உப்பளத்து வரப்பு எவ்வளவு அகலம் இருக்கும்? ஒரு ஆள் நடக்கலாம். அதில் அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்து ஓடினோம். இரண்டு பக்கமும் பாத்திகளில் தேங்கிய தண்ணீர் வெயிலில் பளபளத்தது. ஒவ்வொரு பளபளப்பும் எனக்கு அலையாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. முன்னால் ஜாக்கிரதை போய்க்கொண்டிருந்தார். அந்த உடம்புக்கு அப்படி ஒரு ஓட்டம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரோடு எட்டும் தூரத்தில் அவர் சட்டென்று நின்று திரும்பினார். "எல்லாம் வர்றீங்களா? பொம்பளைங்க வர்றாங்களா?" என்று கேட்டார். கேட்டு முடிக்கவில்லை, வரப்பின் விளிம்பு இடிந்தது. வலது கால் உள்பக்கமாக மடங்கிப் பாத்திக்குள் போனது. 'டக்' என்று ஒரு சத்தம். சுள்ளி ஒடிகிற மாதிரி.

நானும் லோடுமேன் காத்தவராயனும் அவரைத் தோளில் தாங்கி ரோட்டில் ஏற்றினோம். ஏறி நின்று பார்த்தால், கடல் தன் இடத்தில் இருக்கிறது. தண்ணீரும் ஏறவில்லை, ஒன்றும் ஏறவில்லை. எவனோ கிளப்பிவிட்ட புரளி. பெண்கள் சிலர் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார்கள், சிலர் அவனைத் திட்டினார்கள்.

நாங்கள் ஜாக்கிரதையைப் பார்த்தோம். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. இப்போது மனிதர் ஆம்புலன்ஸ் கேட்பார், பெரிய டாக்டரைக் கேட்பார், உயில் எழுதப் பேப்பர் கேட்பார் என்று காத்திருந்தோம்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா. சுளுக்கு. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. தண்ணி ஏறுது என்று கேட்டபோதுகூட அப்படி இல்லை. ஜாக்கிரதை 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அவர் மனைவி செல்வி அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தார். நிதானமானவர். இப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்த அந்த நிதானம் வேண்டும். புருஷனைத் தூக்கி வருவதைப் பார்த்து மெஷினை நிறுத்தினார், அவ்வளவுதான். "எங்க விழுந்தாரு?"

காத்தவராயன் வேட்டியை மடித்துக் கட்டினான். "அண்ணி, பயப்படாதீங்க. நான் காலால பொறந்தவன், தலைக்கு முன்னாடி கால்தான் வெளிய வந்துச்சாம். எங்க அம்மாவக் கேளுங்க. காலால பொறந்தவன் மூணு மிதி மிதிச்சா சுளுக்கு ஓடியே பூடும். அண்ணே, கால நீட்டு."

காத்தவராயனின் பாதம் ஒரு முறம் அகலம் இருக்கும். ஜாக்கிரதை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். நல்லவேளை, அதே தெருவில் குடியிருந்த சுகாதார நிலைய நர்சம்மா சத்தம் கேட்டு வந்துவிட்டார்.

"யாருப்பா நீ? கால எடு மொதல்ல! மிதிக்கிறது, தேய்க்கிறது, இழுக்கிறது, சுடுதண்ணி ஊத்துறது எதுவும் கூடாது. ஐஸ துணியில சுத்தி அப்பப்ப வெய்யுங்க. நேரா தோல்ல வெக்காதீங்க. கிரேப் பேண்டேஜ அளவா சுத்தி, தலகாணி மேல கால ஒசத்தி வெய்யுங்க. நடக்கவே கூடாது."

"ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம்மா?" என்றார் செல்வி அக்கா.

"அதான் பாக்கணும். கால ஊனி நாலடி வெக்க முடியலன்னா, இல்ல எலும்பு மேல அமுக்கினா வலிச்சா, உடனே எக்ஸ்ரே எடுத்துடணும். எங்க, எழுந்திரிச்சி நில்லுங்க பாப்போம்."

ஜாக்கிரதை எழுந்தார். என் தோளை விட்டார். நான்கு அடி நடந்தார். நடந்து, சிரிக்கவும் செய்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் ஐயனார் கோயில் சிலையில்தான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பல்லும் தெரிந்தது, கண்ணில் ஒன்றும் இல்லை. நர்சம்மா அவரைப் படுக்க வைத்து, கணுக்காலின் வெளிப்புற எலும்பை அமுக்கி, "வலிக்குதா?" என்றார். "ச்சே ச்சே" என்றார் அவர். தலையணைக்குக் கீழே என் விரல்களை அவர் பிடித்த பிடியில் எனக்கும் எக்ஸ்ரே தேவைப்படும் போலிருந்தது.

"சரி, பாருங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல வீக்கம் வத்தலன்னா, விரலு சில்லுனு ஆனா, மரத்துப்போனா, கூட்டிட்டுப் போயிடுங்க" என்றவர் வாசலில் நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இவரு இன்னா, டிசம்பருக்கு அப்பறம் எங்க பக்கமே வர்றதில்ல? வாரா வாரம் வருவாரே."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான்.

மறுநாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் பார்க்கப் போனேன். ஐஸ், மீன் மார்க்கெட்டிலிருந்து வந்தது. ஐஸோடு வஞ்சிரம் வாசனையும் வந்ததால் தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் வாசலில் காவல் இருந்தன. உள்ளே அவர் தலையணை மேல் காலை வைத்துப் படுத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றாமலே ஈரத் தரையில் நடந்து போனேன். "வழுக்கும், ஜாக்கிரதை" என்று அவர் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. தொட்டேன். ஐஸ் வைத்தது விடியற்காலையில். விரல்கள் அப்போதும் சில்லென்று இருந்தன.

"அண்ணே, நான் தொடுறது தெரியுதா?"

"எங்க தொடுற?" என்றார்.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பூனைகள் ஓடின. செல்வி அக்கா வந்து கட்டைப் பிரித்தார். முந்தின நாள் நாங்கள் சுற்றியபடி இல்லை அது. வீக்கம் வெளியே தெரியக்கூடாது என்று ஜாக்கிரதையே மறுபடி பிரித்து இறுக்கிச் சுற்றியிருந்தார். துணியின் வரி தோலில் பதிந்திருந்தது. கால் முழங்காலுக்குக் கீழே கறுத்து, பளபளவென்று வீங்கியிருந்தது. நாங்கள் இருவரும் விரல்களைப் பார்த்தபடியே நின்றோம். மெதுவாக நிறம் திரும்பியது.

"கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றார் செல்வி அக்கா.

"வரமாட்டேன்."

"கால் போயிடும்ணே!" என்றேன்.

"போனா போவட்டும்."

பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். "கடல் வந்த அன்னிக்கு நம்ம குப்பத்து ராயப்பனத் தேடிட்டுப் போனேன்பா. சின்னதுலேர்ந்து ஒண்ணா வளந்தவன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவுல வரிசையாப் படுக்க வெச்சிருந்தாங்க. துணி பத்தல. மூஞ்ச மூடினா கால் தெரியுது. எல்லாருக்கும் கால்தான் தெரியுது. ஒவ்வொரு காலாப் பாத்துக்கினே போனேன். இவனா, இவனான்னு. அவன் கால எனக்குத் தெரியும்பா. கட்ட வெரல் கோணலா இருக்கும்."

சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துத் தன் காலை மூடிக்கொண்டார்.

செல்வி அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "உலகத்துல அது ஒண்ணுதான் ஆஸ்பத்திரியா?" என்றார். "திண்டிவனத்துல எலும்பு டாக்டர் இருக்காரு. சின்ன எடம். வராண்டாவே கெடயாது. தையலுக்குத் துணி எடுக்கப் போறப்ப பாத்திருக்கேன்."

"வராண்டா இல்லியா?"

"இல்ல. படி ஏறினா நேரா டாக்டர்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்துக்குக் கிடைத்தது உப்பு லாரிதான். கல்லு வெச்சியா, கல்லு வெச்சியா என்று அவரிடம் தினம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் டிரைவர், அவரைக் குழந்தை போலத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தான். அண்ணனுக்கு வேகம் ஆகாதே என்று மாட்டு வண்டிபோல ஓட்டினான். பள்ளத்துக்குப் பள்ளம் ஜாக்கிரதையின் முகம் வெளுத்தது. ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனதும், "ஏம்பா, கொஞ்சம் வேகமாத்தான் போயேன்!" என்றார். டிரைவர் அதிர்ச்சியில் பிரேக்கை மிதித்துவிட்டான்.

எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து டாக்டர் காட்டினார். வெளிப்பக்க எலும்பில் முடி மாதிரி ஒரு கோடு. "கீறல். விலகல. யாரும் மிதிச்சோ வழிச்சோ விடாம இருந்தது உங்க அதிர்ஷ்டம். ஆனா இத வெச்சிக்கிட்டு நடந்து காட்டினீங்களாமே? அது வீரம் இல்லங்க, முட்டாள்தனம்."

"வீரம்னு இதுவரைக்கும் இவர யாரும் சொன்னதில்லீங்க" என்றார் செல்வி அக்கா.

மாவுக்கட்டுப் போட்டார்கள். போட்டு முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. கட்டு காயட்டும் என்று அங்கேயே ஒரு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். பார்த்தால், தலை என் தோளில் சாய்ந்திருந்தது. வாய் திறந்து, குறட்டை.

"எழுப்பாத தம்பி" என்றார் செல்வி அக்கா, கிசுகிசுப்பாக. "மார்கழிலேர்ந்து இந்த மனுஷன் இப்படித் தூங்கி நான் பாக்கல."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். அக்கா எழுந்து போய் அவன் வாயையும் ஹாரனையும் அடக்கிவிட்டு வந்தார். என் தோள் முதலில் வலித்தது, பிறகு மரத்தது. என் மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தது. அவர் தானாகக் கண் விழிக்கும்வரை அதை ஓட்ட நான் கையைத் தூக்கவில்லை.