சர்வருக்குச் சந்தனம் வைத்த கதை

பாதி கேட்டுவிட்டு முழுதும் தெரிந்தவன்போல் நடப்பது என் பிறவிக்குணம். இருபத்து மூன்று வயதில் அந்தக் குணத்துக்கு ஒரு கம்பெனி 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று அடையாள அட்டையே கொடுத்திருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். மதுரை செல்லூரில் ஒரு மொத்த சேலைக் கடைக்கு நாங்கள் புது சர்வர் வைத்துக்கொடுத்தோம். அதில் மூன்று ஹார்ட் டிஸ்க். மெஷின் ஓடும்போதே ஒன்றை மேஜை டிராயர் மாதிரி உருவி மாற்றலாம். மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். பயிற்சி வகுப்பில் இந்த இடம்வரை கேட்டுப் புல்லரித்துப்போய், நான் டீ குடிக்க வெளியே வந்துவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று போயிருந்தேன். கடை முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"தம்பி, தறியில இருந்து தராசு வரைக்கும் பொட்டு வச்சாச்சு. இந்தப் பெட்டிய மட்டும் நிப்பாட்ட முடியல. தீபாவளி ஆர்டர் அம்புட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு."

"நிப்பாட்டவே வேணாம்ண்ணே. ஓடும்போதே கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் வச்சிரலாம்."

(யாராவது என் கையைப் பிடித்திருக்கலாம்.)

கடையே கூடி நின்றது. முதல் டிஸ்க்கை உருவினேன். திரையில் வேலை நிற்கவில்லை. ஆகா என்றார்கள். துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப மாட்டினேன்.

ஆர்டர்களை ஒரு மாதமாக டைப் அடித்த சுமதி அக்கா மட்டும், "தம்பி, ஆரஞ்சு லைட்டு மின்னுதே?" என்றார்.

"சாமி வந்திருக்குக்கா!" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதை உருவினேன்.

திரை உறைந்துபோனது. கழற்றி மாட்டிய டிஸ்க்கில் விவரம் முழுதும் மறுபடி ஏறி முடியும்வரை அடுத்ததைத் தொடவே கூடாதாம். இதை டீ நேரத்துக்குப் பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

சர்வரில் உள்ள விவரங்களைத் தனியாக நகல் எடுத்து வைப்பதும் என் வேலைதான். கடைசியாக எடுத்தது ஆடி மாதம்; தீபாவளி ஆர்டர் ஒன்றுகூட அதில் இல்லை.

சுமதி அக்கா என்னைத் திட்டவில்லை. கீபோர்டின் மேல் கையை வைத்தபடி அழுதார். அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது. நானும் அழுதேன்.

"நீங்க ரெண்டு பேரும் அழுதா ஆர்டர் வந்துருமா? போனை எடுய்யா," என்றார் முதலாளி.

மூன்று நாள் தேனி, கம்பம், சிவகங்கை என்று கடை கடையாகப் பேசினேன். "அண்ணே, நீங்க குடுத்த ஆர்டரை ஒருக்கா திருப்பிச் சொல்றீகளா?" உசிலம்பட்டிக்காரர் ஒருவர், "ஏன் தம்பி, உங்க கடையில பேப்பர் பேனாவே கெடையாதா?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல சுமதி அக்கா மறுபடி டைப் அடித்தார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே கடைசிப் பார்சலும் போய்ச் சேர்ந்தது.

என் வேலை தப்பியதற்கும் முதலாளிதான் காரணம். "பொட்டு வைக்கச் சொன்னது நான்தான்," என்று எங்கள் மேனேஜரிடம் பழியை ஏற்றுக்கொண்டார். அந்த நல்ல மனுஷர் என் கல்யாணத்துக்கு வந்தார். வந்தவர் சும்மா போகாமல், முழுக் கதையையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எங்களுக்கு இரண்டு பையன்கள். இருவரையும் சேர்த்துத் திட்ட வாயைத் திறந்தால் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "மூத்தவன் அழுது தேறட்டும். அதுக்கப்புறம் சின்னவனைத் தொடுங்க."

மூத்தவன் தேறுவதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். அதற்குள் சின்னவன் தெருவில் பேட்டிங் பிடித்துக்கொண்டிருப்பான்.