பத்துக்குப் பத்து

'நோயாளி கட்டிலிலிருந்து விழாமல் தடுக்க முடியும் என்ற நம்பிக்கை உமக்கு எவ்வளவு? பத்துக்கு மதிப்பெண் போடவும்.'

ஊட்டித் தலைமை ஆபீசிலிருந்து வந்த அந்தக் காகிதத்தில் நர்ஸ் கனகமணி சற்றும் யோசிக்காமல் பத்து என்று எழுதி அனுப்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை. காலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தால் வீரையா தரையில் கிடக்கிறார்.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில் சேர்ந்து நாலு மாதமான மனிதர். காய்ச்சலுக்குப் படுத்திருந்தார்.

"ஐயோ, எப்படிங்க விழுந்தீங்க?"

"தெரியல்லையே மிஸி. பொரண்டேன், கீழ கெடக்கேன்." நர்ஸை மிஸி என்பது சிலோன் வழக்கம்.

உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனாலும் கனகமணி அவசரமாக வார்டுக் கதவைச் சாத்தினாள். அவளுடையது தற்காலிக வேலை. வியாழக்கிழமை ஊட்டி அதிகாரி சில்வஸ்டர் நேரில் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் கோயமுத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"டாக்டர்கிட்டச் சொல்லீராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சி, தனக்கு வைத்திருந்த பாலைச் சுடவைத்து, இரண்டு துண்டு ரொட்டியோடு கொடுத்தாள்.

"பாலும் பாணுமா! நல்லா இருக்கணும் மிஸி." சிலோனில் ரொட்டிக்குப் பாண் என்று பேர்.

கஞ்சித் தம்ளரும் கையுமாக இருந்த, சிலோனிலிருந்தே வந்த மற்ற ஐந்து கட்டில்காரர்களும் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

மறுநாள் இரண்டு பேர் தரையில் கிடந்தார்கள். அவர்களுக்கும் பாலும் ரொட்டியும் கொடுத்து வாயை அடைத்துவிட்டு, கட்டில்களைச் சுவரோடு ஒட்டித் தள்ளினாள். அதற்கு மறுநாள் மூன்று பேர், சுவர் இல்லாத பக்கமாகப் பார்த்து விழுந்திருந்தார்கள்.

தச்சர் மாரிச்சாமியைக் கூப்பிட்டாள். அவர் தேயிலைப் பெட்டிப் பலகைகளை முழங்கால் உயரத்துக்குக் கட்டிலைச் சுற்றி அடித்துவிட்டுச் சொன்னார்:

"இனி இதுல இருந்து விழோணும்னா ஏறிக் குதிச்சாத்தானுங்க உண்டு."

வியாழன் காலை ஆறு பேரும் தரையில் கிடந்தார்கள். காலில் மாவுக்கட்டோடு இருந்த அழகையாகூடப் பலகையைத் தாண்டி வந்து, தலைக்குத் தலையணை வைத்து விழுந்திருந்தார்.

கனகமணிக்கு அழுகையே வந்துவிட்டது. "அழகையா, நீங்களுமாங்க? என் வேலை போச்சுங்க!"

அழகையா பரிதாபமாகப் பார்த்தார். "என்னா செய்றது மிஸி, தூக்கம்."

வாசலில் ஜீப் சத்தம். இருக்கிற கம்பளிகளையெல்லாம் தரை முழுக்க விரித்தாள் கனகமணி. விழுந்தாலும் அடிபடாது என்றாவது சொல்லிக்கொள்ளலாமே!

சில்வஸ்டர் அவள் எழுதிய காகிதத்தைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார். "பத்துக்குப் பத்து போட்டது யாரும்மா? இந்த ஜில்லாவுலேயே இப்படி ஒரு நம்பிக்கையை நான்..."

முடிக்கவில்லை. கம்பளி ஓரம் பூட்ஸில் சிக்கியது. தொப்பி ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம் பறக்க, அதிகாரி தொபுக்கடீரென்று குப்புற விழுந்தார்.

 கனகமணி ஓடிப்போய்த் தொப்பியைப் பொறுக்கினாள்.

தரையில் படுத்திருந்த அழகையா தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கி, உருகிப்போய்ச் சொன்னார்:

"பாவம், தொரைக்கு எங்கள மாதிரி நோகாம எறங்கி விழத் தெரியல்ல... இருந்தாலும் விழுந்தது விழுந்ததுதானே, அவருக்கும் ஒரு பாலும் பாணும் குடுங்க மிஸி!"