கண்ணுக்குத் தெரிகிற மாப்பிள்ளை

அஸ்தினாபுரம்
8-2-1988

அன்புள்ள மச்சான் ஜெயவேலுவுக்குப் பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது. இங்கு உன் அக்கா கிளியம்மாள் முதல் கறவை மாடு வரை அனைவரும் சௌக்கியம். வேலூரில் நீயும் குழந்தைகளும் நலமாயிருக்கத் திருநீர்மலைப் பெருமாளை வேண்டுகிறேன்.

நிற்க. நீ பார்த்துக் கொடுத்த பல்லாவரத்துச் சம்பந்தம் நேற்றோடு போயிற்று. அதற்குக் காரணம் நானல்ல, உன் அக்காவுமல்ல. நம் கனகவல்லி படிக்கிற பி.எட்.

பயிற்சிக்காக அவளைக் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அருள்மேரி டீச்சர் என்று ஒரு அம்மாள், பாடக்குறிப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். ‘மாணவர்கள் ஆவியாதலைப் புரிந்துகொள்வார்கள்’ என்று இவள் நோக்கம் எழுதிக்கொண்டு போனாளாம். அந்த அம்மாள் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “புரிஞ்சுக்கிறதை நீ கண்ணால பாத்தியாம்மா? புள்ள என்ன செஞ்சு காட்டுவான், அதை எழுது” என்றாராம். பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்வான், எந்த நிலைமையில் செய்வான், எந்த அளவுக்குச் சரியாகச் செய்தால் போதும், இதெல்லாம் இல்லாத நோக்கம் நோக்கமே இல்லையாம். அறிவான், உணர்வான், ரசிப்பான் எல்லாம் தள்ளுபடி. சொல்வான், வரைவான், பிரித்துக் காட்டுவான் என்றால் கையெழுத்து விழும்.

பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒத்திகைக்கு மாணவன் நான்தான். ஈரத்துணி எப்படிக் காய்கிறது என்று நடத்தி முடித்து, “என்னப்பா?” என்றாள். “புரிஞ்சுதும்மா” என்றேன். “அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கப்பா, செஞ்சு காட்டுங்க” என்று ஒரு வாளித் துணியைக் கொடுத்து, காற்றுப்படுகிற இடம், படாத இடம் என்று பிரித்து, யார் உதவியும் இல்லாமல் காயப்போட வைத்தாள். உன் அக்காவுக்கு இந்த முறை ரொம்பவும் பிடித்துப்போய், இப்போது தினமும் எனக்கு அந்தப் பாடம்தான் நடக்கிறது.

நேற்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் முறையாக நடந்தது. பையன் கேசவன் குனிந்த தலை நிமிரவில்லை. அவன் அம்மா பொன்னியம்மாள், “எங்களுக்குப் பிடிச்சிருக்கு. பொண்ணு வேலைக்குப் போவட்டும், பையன் அனுசரிச்சுக்குவான்” என்றார். இதைவிட என்ன வேண்டும் என்று நான் வெற்றிலைத் தட்டை நகர்த்தினேன். கனகவல்லி நிமிர்ந்து, “அனுசரிக்கிறதுன்னா என்ன செய்வாருங்க?” என்றாள். பையன் யோசித்து, “ஒத்தாசையா இருப்பேங்க” என்றான். “அது கண்ணுக்குத் தெரியாதுங்களே. நான் ஸ்கூலுக்குக் கிளம்புற நேரத்துல, யாரும் சொல்லாம, கட்டி தட்டாத உப்புமா கிண்டுவீங்களா?” என்றாள். “என் புள்ளைக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாதும்மா” என்று பொன்னியம்மாள் பெருமையாகச் சொல்லிவிட்டு எழுந்தார். யோசித்துச் சொல்லி அனுப்புகிறார்களாம். அந்த யோசனையின் அர்த்தம் உனக்குத் தெரியும்.

நல்ல இடம், மச்சான். எனக்கு மனசு ஆறவில்லை. அவளைத் திட்டலாம் என்றால், கேட்டதில் தப்பு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. நீ அவர்களிடம் சமாதானமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வேறு இடம் பார். உப்புமா தெரிந்தவனாக இருந்தால் உத்தமம்.

உன் சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நன்றாகப் படித்து, படித்ததைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு வர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஈரக் கையோடு,
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கவரை ஒட்டப் போகும்போது வாசலில் சைக்கிள் வந்து நின்றது. கேசவன், தனியாக, கையில் ரவைப் பொட்டலம். “ஒரு தடவை செஞ்சு பாக்கறேன் சார்” என்று அடுப்படிக்குப் போய்விட்டான். கனகவல்லி கதவோரம் நின்று கவனித்தாளே தவிர உதவவில்லை. உப்புமா உருண்டை உருண்டையாக வந்தது, உப்பும் இல்லை. அவள் விதிப்படி பையன் பெயில். “பிடிச்சிருக்காம்மா?” என்று கேட்டேன். தட்டை நீட்டி இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். முகூர்த்தத்துக்கு நாள் பார்.