ஹாரன் கூண்டில் ஏறிய விவரம்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நாய்க்குட்டி என்னைவிட நலம். உங்கள் முட்டிவலி குறைந்து, தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரை எடுத்துக்கொண்டு நாய்க்குட்டியைத் திரும்ப அழைத்துப்போக வரக்கூடாது. உங்கள் அக்காவே வரச் சொன்னாலும் வரக்கூடாது.

மகள் வீடு மாறியதில் சாமான்களை அடுக்கிக் கொடுக்க உங்கள் அக்கா மூன்று வாரம் அங்கே போனாள். அவள் கிளம்பிய மறுநாளே நீங்கள் வந்து, உங்கள் வீட்டு நாய் போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்றையும் ஒரு கம்பிக் கூண்டையும் கூடத்தில் இறக்கிவிட்டு, "ரிட்டயர் ஆனவருக்குத் துணை" என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் ஓடிவிட்டீர்கள். ஏன் ஓடினீர்கள் என்பது அன்று சாயங்காலம் உங்கள் அக்கா போன் செய்தபோது புரிந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னாள்: "மூணு வாரம் கழிச்சு நான் ஞாயித்துக்கிழமை வரும்போது அது கூண்டுக்குள்ள சத்தமில்லாம உட்கார்ந்திருக்கணும். மெத்தையில ஏறக்கூடாது, மேல விழுந்து பிறாண்டக்கூடாது. இல்லன்னா அன்னிக்கே என் தம்பி வந்து தூக்கிட்டுப் போகட்டும்." அந்த ஞாயிறுக்குத்தான் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

நான் பயப்படவில்லை, மாப்பிள்ளை. முப்பத்து நான்கு வருடம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக இருந்தவன். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன். எங்கள் முறைப்படி முதல் நாள் சாவியையே காட்ட மாட்டோம், சும்மா ஏறி உட்காரப் பழக்குவோம். நீங்களும் போனில் அதையேதான் சொன்னீர்கள்: கதவைத் திறந்து வையுங்கள், பிஸ்கட்டை உள்ளே போடுங்கள், தானாகப் போகட்டும், தண்டனையாக மட்டும் ஒருநாளும் உள்ளே தள்ளாதீர்கள் என்று. போட்டேன். அது முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, பின்னங்கால் இரண்டையும் வெளியிலேயே ஊன்றிக்கொண்டு பிஸ்கட்டை எடுத்தது. இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். உடம்புதான் நீண்டது, பின்னங்கால் அசையவில்லை. கடைசிக் கம்பியோரம் வைத்தபோது அந்தக் குட்டி அவ்வளவு நீளமாகும் என்று பெற்ற தாயே நம்பியிருக்க மாட்டாள். மூன்று நாளில் ஒரு பாக்கெட் பிஸ்கட் தீர்ந்தது, கூண்டில் ஏறியது பாதி நாய்தான்.

வண்டியில் ஒருவருக்கு விளங்கவில்லை என்றால் மாஸ்டர் என்ன செய்வார்? அவரை இறக்கிவிட்டு, தானே அந்த சீட்டில் உட்கார்ந்து காட்டுவார். நானும் காட்டினேன். மண்டியிட்டு, தலையை நுழைத்து, தோளைக் குறுக்கி, இடுப்புவரை உள்ளே போய், "பாருங்க, இவ்வளவுதான்" என்று சொல்லித் திரும்பப் பார்த்தேன். சட்டைப் பையில் செருகியிருந்த பேனா கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. குட்டி என் காலடியில் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் போடுகிறவனைத் திறந்துவிடக் கூடாது என்று நீங்கள் எனக்குச் சொன்னதை அதற்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் ஏதோ சத்தம் கேட்டு மேலே வந்து, கூண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கால்களையும் பார்த்தார். மனிதர் என்னை இழுத்து எடுத்திருக்கலாம். முதலில் உங்கள் அக்காவுக்குப் போன் போட்டார். சார் கூண்டுக்குள் இருக்கிறார், நாய் வெளியே இருக்கிறது என்று அவர் சொன்னதும், ஒலிபெருக்கியில் உங்கள் அக்காவின் குரல் வந்தது: "அப்படியே கதவைச் சாத்திட்டுப் போங்க."

அதற்குப் பிறகு நான் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கூண்டுக்குள்தான் வைத்தேன், பழைய லுங்கியை மடித்து உள்ளே விரித்தேன். பசி வந்த நாயின் பின்னங்கால் எத்தனை நேரம் வெளியே நிற்கும்? ஏறிவிட்டது. அடுத்தது கதவைச் சாத்துவது. முதலில் ஒரு நிமிடம், பிறகு இரண்டு. அப்போதுதான் அது வாயைத் திறந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஹாரன் என்று பெயர் வைத்தேன். அழும்போது திறந்தால் அழுதால் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும், அழுகை நிற்கும் அந்த நொடியில்தான் திறக்க வேண்டும் என்று சொன்னீர்களே, எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அது ஊளையிடும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. மாஸ்டர் பக்கத்தில் ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பழக்கம். ஒரு வாரத்தில் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை, திறக்கவில்லை.

இதற்குள் தையல்காரர் தினம் இரண்டு தடவை அழைப்பு மணியை அடித்து, மெஷின் சத்தமே தனக்குக் கேட்கவில்லை என்று புகார் சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் அவர் குனிந்து செருப்பைக் கழற்றியபோது, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் நுனியை ஹாரன் கடித்து, முதல் ஆறு அங்குலத்தை விழுங்கிவிட்டது. எனக்கும் தெரியாது, அவரும் கவனிக்கவில்லை. அந்த டேப்பை வைத்தே அவர் ஒருவருக்கு இடுப்பு அளவெடுத்து பேன்ட் தைத்துவிட்டார். மறுநாள் அந்த பேன்ட்டோடு மேலே வந்து, ஒரு காலில் அவரே முழுதாக இறங்கி நின்று காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன், புது டேப் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கே முடிவும் எடுத்தேன். இனி மணி அடித்தால் ஹாரன் கூண்டில் இருக்க வேண்டும், வந்தவர் போகும்வரை அசையக் கூடாது. நானே வெளியே போய் மணியை அடிப்பேன், உள்ளே ஓடிவந்து "ஏறி உட்காருங்க" என்பேன், ஏறினால் ஒரு துண்டு ரொட்டி. எங்கள் ஸ்கூலில் யாரையும் ஒருமையில் பேசக் கூடாது, அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடித்தேன். எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், சாவியைத் தொலைத்துவிட்டார் பாவம் என்று சொன்னாராம்.

உங்கள் அக்கா தினமும் போன் செய்கிறாள். சாப்பிட்டதா, வயிறு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள். நான் சாப்பிட்டேன், வயிறு சரியாகத்தான் இருக்கிறது என்றால், உங்களைக் கேட்கவில்லை என்கிறாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், அதனால் பதிலை அளந்தே சொல்கிறேன்.

இப்போது பலனைக் கேளுங்கள். இன்று காலை தையல்காரர் மணி அடித்தார். நான் வாயையே திறக்கவில்லை. ஹாரன் தானாக எழுந்து, கூண்டில் ஏறி, லுங்கிமேல் உட்கார்ந்து, நேராகப் பார்த்தது. கூண்டின் கதவு திறந்தே இருந்தது. தையல்காரர் புகாரை மறந்துவிட்டு, "இந்த மாதிரி என் பையன் ஒருநாளாவது உட்கார்ந்திருப்பானா சார்" என்றார்.

மாப்பிள்ளை, ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகி நான்கு மாதமாக நான் செய்தது சரியா தப்பா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவரும் இல்லை. எனக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் குட்டி ஒவ்வொரு தடவை ஏறி உட்கார்ந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கிறது. இதை நான் விடுவதாக இல்லை. உங்கள் அக்கா சொன்ன நிபந்தனையை ஒரு எழுத்துப் பிசகாமல் முடித்துவிட்டேன். ஞாயிறன்று அவள் வரட்டும், பார்க்கட்டும். நீங்கள் அன்று காருக்குப் பெட்ரோல் போடவே வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, சொன்ன பேச்சைக் கேட்டு, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். தாய் நாயிடம் அதன் பிள்ளை பெரிய இடத்தில் இருக்கிறது என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மணி அடித்தது. உங்கள் அக்கா மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். கையில் ஒரு பொட்டலம், உள்ளே குட்டிக்கு ஒரு சின்ன சிவப்பு ஸ்வெட்டர், மகள் வீட்டில் உட்கார்ந்து அவளே பின்னியது. ஹாரன் கூண்டில் ஏறி அசையாமல் உட்கார்ந்தது. அவள் கூப்பிட்டாள், வரவில்லை. பிஸ்கட்டை நீட்டினாள், வரவில்லை. வந்தவர் போகும்வரை அசையக் கூடாது என்பது பாடம், இவள் போகப்போவதும் இல்லை. நான் கூப்பிட்டும் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் யாருக்கும் வண்டியிலிருந்து இறங்கச் சொல்லிக் கொடுத்ததில்லை, நேரம் முடிந்தால் அவர்களே இறங்கிப் போய்விடுவார்கள். இதற்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் அக்கா தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "குழந்தையை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள இது என் மடியில வந்து உட்காரணும். இல்லன்னா என் தம்பி வந்து இந்தக் கூண்டைத் தூக்கிட்டுப் போகட்டும்" என்கிறாள். ஆகவே ஞாயிறன்று காரோடு அவசியம் வரவும். நாளைக் காலை ஆறு மணிக்கு வகுப்பு ஆரம்பம், முதல் பாடம் இறங்குவது.