மோப்பம் சாரும் எண்ணெய்த் தலைகளும்

ஒரகடம் வட்டாரத்தில் தேங்காய் எண்ணெயை மோப்பம் சார் அளவுக்கு வெறுத்த மனிதர் எவரும் இல்லை. நான் கொள்முதல் பிரிவில் இருந்த சின்ன நிறுவனத்தில் அவர்தான் தொலைநோக்கி வடிவமைப்பாளர். அவர் வரைந்த தொலைநோக்கி இட்லிப் பானை அளவுதான். ஆனால் வானத்தின் பெரும் பரப்பை ஒரே பார்வையில், புற ஊதா ஒளியில் படமெடுக்கும். அந்த ஒளியைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதன் கண்ணாடிகளுக்கு எண்ணெய் ஆவிதான் எமன். கண்ணுக்கே தெரியாத படலம்கூடப் புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். ஆகவே கண்ணாடிகளைத் தூசி படாமல் பொருத்தும் கிளீன் ரூம் வாசலில் சார் நின்று ஒவ்வொரு தலையையும் மோந்து பார்ப்பார். ஒருமுறை முதலாளியையே மோந்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்கவா வந்துகீறீங்க? சென்ட்டு தூக்குது. வெளியவே நில்லுங்க."

முதலாளி நின்றார்.

கண்ணாடிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனைக் கண்ணாடித் துண்டு இருக்கும். அவற்றில் படிவது இதிலும் படியும். ஒரு திங்கட்கிழமை அதில் எண்ணெய் தெரிந்தது. இப்படியே போனால் கண்ணாடிகள் வீண். ராக்கெட் எங்களுக்காகக் காத்திருக்காது. சார் நேராக இசக்கியிடம் போனார். கோவில்பட்டிப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளி, காடு போலச் சுருட்டை முடி.

"உன் தலதான்யா. தேச்சிகினு வந்துகீற."

"சார், எண்ணெய் வச்சு ஒரு மாசமாச்சு. எங்கம்மா இந்தத் தலையப் பாத்தா அழுதுருவா."

"நடிக்காத. நாளைலேர்ந்து வராத."

இசக்கி போய்விட்டான். அவன் போனபின் வைத்த புதுத் துண்டிலும் எண்ணெய்.

கேன்டீனில் சார் டீயை மறந்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். முகமூடியின் இரு பக்கமும் எட்டிப் பார்க்கும் மீசை. தினமும் வாசனைத் தைலம் தடவி நிமிர்த்துவது. மூக்குக்கு நேர் கீழேயே இருந்ததால் அந்த வாசனை அவருக்குப் பழகிப்போயிருந்தது. மூக்கைச் சொறியப் போன விரல் பாதியில் நின்றது. விரலை மோந்தார். இன்னொரு முறை மோந்தார்.

"ஏன்யா, ஒருத்தன்கூடவா என்னை மோந்து பாக்கல?"

யாருக்குத் துணிச்சல்?

மறுநாள் காலை சிங்கப்பெருமாள் கோவில் பஸ் நிறுத்தத்தில் நானும் இசக்கியும் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். அவன் வேறு கம்பெனியில் வேலை கேட்கக் கிளம்பியிருந்தான். மழுமழுவென்ற முகத்துடன் ஒருவர் அவன் முன் வந்து நின்றார்.

"யாருண்ணே?"

"நாந்தான்யா. தப்பு எம்மேலதான். வா, வேலைக்குப் போலாம்." முகத்தை நீட்டினார். "மோந்து பாத்துக்கோ."

இசக்கி உண்மையிலேயே மோந்து பார்த்தான்.

"சோப்பு வாசந்தான், சார். ஏறுங்க."

நான் ஏறியபின் ஆட்டோவில் ஒரே இடம்தான் மிச்சம். அதில் அவனை உட்காரவைத்துவிட்டு சார் ஓரத்தில் தொற்றிக்கொண்டார். மீசை இல்லாத முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் போலிருந்தது. ஒரகடம் வரும்வரை அதைப் பார்த்து ஒருவரையும் நான் சிரிக்க விடவில்லை.