உங்கள் கத்தியும் என் கட்டரும்

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்களும், உங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்க வந்திருக்கும் என் மனைவியும், அவள் தங்கையான உங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கத்தியும் நலமாகத்தான் இருக்கும். வெல்வெட் பெட்டியில் படுத்திருப்பதற்கு என்ன குறை.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளுங்கள். காகிதம் வெட்டிப் படம் செய்ய வெளிநாட்டுக் கத்தியெல்லாம் வேண்டாம், ஸ்டேஷனரிக் கடைக் கட்டரே போதும், இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதுதான் நிரூபணமானது. ஜெயித்தது நான். ஆனால் எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

"கத்திய மாத்திக்கலாம் சகலை, அப்பத்தானே தெரியும்" என்றது நீங்கள்தான். சரி என்று உங்கள் கத்தியை வாங்கினேன். அது கையில் இருப்பதே தெரியவில்லை, அதுதான் கோளாறு. நான் கட்டரை அழுத்து அழுத்தென்று அழுத்திப் பழகியவன். அதே அழுத்து இதிலும் அழுத்தியதில் நான் வெட்டிக்கொண்டிருந்த காகிதக் குருவியின் கழுத்து, அடியில் போட்டிருந்த அட்டை, அதற்கும் அடியில் இருந்த புது மேசை விரிப்பு எல்லாம் ஒரே கோட்டில் போயின. நீங்களோ பிளேடு ஆடுகிற, டேப் சுற்றிய என் கட்டரை வைத்துக்கொண்டு, அரட்டை அடித்தபடியே இறகு இறகாக ஒரு குருவியை வெட்டி வைத்துவிட்டீர்கள். "தம்பிக்கு என்ன கை" என்றாள் என் மனைவி. என் கட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனி நான் கட்டர் மேலும் பழி போட முடியாது, கத்தி மேலும் போட முடியாது. மிச்சம் இருப்பது என் கை ஒன்றுதான்.

ஹாலில் ஆறு வருஷமாக நான் வெட்டிய காகித மீன் தொங்கிய ஆணியில் இப்போது உங்கள் குருவி. மீன் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். "ஷூ ஸ்டாண்டு மேல இருக்குங்க, பத்திரமாத்தான் இருக்கு" என்றாள். எனக்குப் பொறாமைதான், மறைத்து என்ன ஆகப் போகிறது. சோபாவில் உட்கார்ந்தால் உங்கள் குருவி என்னையே பார்க்கிறது. சோபாவைத் திருப்பிப் போட்டேன், முதுகைப் பார்க்கிறது. ஆகவே அடுத்த முறை வரும்போது அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள். இனி என் வீட்டில் நீங்கள் காகிதத்தைத் தொடவே கூடாது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். மூத்தவன் என்ற முறையில் உங்களுக்கும் ஆசி, உங்கள் கை மட்டும் நீங்கலாக.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பி.கு.: கடிதத்தை எழுதி முடித்த பிறகு, வீட்டில் யாரும் இல்லையே என்று உங்கள் குருவியை இறக்கி, அதன் மேல் ஒரு காகிதத்தை வைத்து அதே மாதிரி வெட்டிப் பார்த்தேன். அழுத்திவிட்டேன். இப்போது இரண்டு குருவிக்கும் கழுத்து இல்லை. தயவுசெய்து அச்சு அசலாக இன்னொன்று வெட்டி உடனே அனுப்புங்கள். அது வந்து சேரும்வரை எதையாவது சொல்லி என் மனைவியை அங்கேயே பிடித்து வையுங்கள். என் கட்டரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கத்தியால் மட்டும் வெட்டிவிடாதீர்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.